பிராசசரின் மேல்மூடியைத் தேய்த்து மட்டமாக்குதல்: முழுமையான வழிகாட்டி

பிராசசரின் மேல் இருக்கும் வெள்ளி நிற மூடி நிக்கல் முலாம் பூசிய செம்பு. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும். சவரப் பிளேடின் விளிம்பை அதன் மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் குழி இருப்பது தெரியும். மூடிக்கும் அதன் மேல் உட்கார்ந்து சூட்டை வெளியேற்றும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் அந்தக் குழியை நிரப்புகிறது. வெப்பம் கடத்தும் திறனை ஒரே அளவுகோலில் சொன்னால் செம்புக்கு ஏறக்குறைய 400, நல்ல பேஸ்ட்டுக்குப் பத்தை ஒட்டி, காற்றுக்கு 0.03-க்கும் கீழே. பேஸ்ட் எவ்வளவு மெல்லியதாகப் படிகிறதோ அவ்வளவு லாபம். மூடியைத் தேய்ப்பது அதற்காகத்தான்.

பளபளப்புக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தம் கிடையாது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பாதி தவறுகள் வராது.

பலன் எவ்வளவு? பெரும்பாலும் 2 முதல் 5 டிகிரி. மூடி நன்றாக வளைந்திருந்தால் கொஞ்சம் கூட வரும். ஏப்ரலில் ரங்கூன் மதியம் 37 டிகிரியைத் தொடும்போது, கரண்ட் போய் ஏசியும் நின்ற அறையில் இன்வெர்ட்டரில் ஓடும் மெஷினுக்கு அந்த 5 டிகிரி பெரிய விஷயம். ஏசி நிற்காத அறையில் உட்கார்ந்திருப்பவர் இதற்கு மெனக்கெட வேண்டியதில்லை.

## 1. தேய்க்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

சூடு என்று கொண்டுவரப்படும் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு உப்புத்தாள் தேவைப்படுவதில்லை. காய்ந்து போன பேஸ்ட், கூலர் இறகுகளுக்குள் அடைத்த தூசி, ஒரு பக்கம் மட்டும் முறுக்கிய திருகு, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். முதலில் இவற்றைச் சரிசெய்யுங்கள். பயாஸில், அதாவது மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பதும் காசில்லாத வேலை.

அதற்கும் இறங்கவில்லை என்றால் புது பேஸ்ட் தடவிக் கூலரை மாட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டு, கழற்றிப் பாருங்கள். பேஸ்ட் படிந்த தடம் உண்மையைச் சொல்லும். எங்கும் ஒரே மெல்லிய படலமாக இருந்தால் மூடி மேல் குற்றமில்லை. நான்கு மூலையிலும் உலோகம் தெரியும் அளவுக்கு மெலிந்து, நடுவில் மட்டும் தடியாகத் தங்கியிருந்தால் நடுவில் குழி. நடுவில் மெலிந்து ஓரங்களில் தடித்திருந்தால் ஏதோ ஒரு முகம் மேடு. அது பிராசசரா கூலரா என்று 6-ஆம் படியில் தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் திருகு சாய்ந்திருக்கிறது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது.

## 2. எந்தப் பிராசசருக்கு இது ஆகாது

வாரண்டி உள்ளதைத் தொடாதீர்கள். மூடியில் லேசரால் பொறித்த எழுத்தெல்லாம் தேய்ந்து போகும். அதன்பிறகு அது என்ன பிராசசர் என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது. பின்னால் விற்கும்போதும் விலை போகாது.

இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறை, அதாவது பிராசசர் எல்ஜிஏ1700 என்ற சாக்கெட்டில் உட்காரும் மெஷின்காரர்கள், கொஞ்சம் பொறுங்கள். அந்த நீண்ட பிராசசரைச் சாக்கெட்டின் பூட்டு நீளவாட்டில் நடுப்பகுதியில்தான் அழுத்துகிறது. பூட்டியதும் நடு தாழ்ந்து இரு முனையும் தூக்கிக்கொள்ளும். கையில் வைத்துத் தேய்த்து மட்டமாக்கி மறுபடி பூட்டினால் மறுபடி வளையும். பூட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடும் அலுமினியச் சட்டம் தனியாக விற்கிறது; தெர்மல்ரைட் சட்டம் விலை குறைவு. அதைப் போட்டுப் பார்த்து, அதன்பிறகும் தடம் சரியில்லை என்றால்தான் தேய்ப்பது.

இன்டெல்லின் 3-ஆம் தலைமுறை தொடங்கி 8-ஆம் தலைமுறை வரை சாதாரண மேசைக் கணினிப் பிராசசர்களில் மூடிக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் ஈயப்பற்று இல்லை, வெறும் பேஸ்ட். அங்கே சூடு தேங்கினால் மேலே எவ்வளவு தேய்த்தும் அது உள்ளேயேதான் நிற்கும். பழைய சாமான் வாங்கிப் பழகுபவர்கள் கையில் இந்த வகைதான் அதிகம் வருகிறது.

மூடியே இல்லாத லேப்டாப் பிராசசரை உப்புத்தாளின் பக்கமே கொண்டு போகாதீர்கள். அங்கே தெரிவது சிலிக்கான்.

## 3. சாமான்களைச் சேர்த்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள்

வேலை நடுவில் நின்றால் மெஷினும் நிற்கும். பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா நாட்களில் கடைகள் அடைத்திருக்கும். அந்த வாரத்தில் தொடங்கிவிட்டு பேஸ்ட் தீர்ந்துபோய் நிற்பவர்கள் வருஷா வருஷம் உண்டு.

தேவையானவை: 5 மில்லிமீட்டருக்குக் குறையாத ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று, ஓரம் தேய்த்தது. தண்ணீரில் நனைக்கக்கூடிய கறுப்பு உப்புத்தாள், அதாவது கார் பெயின்டர்கள் வாங்கும் வாட்டர் பேப்பர், 400, 600, 800, 1000 நம்பர்களில் நம்பருக்கு இரண்டு. புதுச் சவரப் பிளேடு. நிரந்தர மை மார்க்கர். 99 சத ஐசோபுரோபைல் ஆல்கஹால். நூல் உதிராத துணி. ஆரஞ்சு நிற வெப்ப டேப். ஆன்டி-ஸ்டாட்டிக் ஸ்பாஞ்ச். நல்ல பேஸ்ட்.

கண்ணாடிதான் இதில் முக்கியம். இப்போது விற்கும் ஜன்னல் கண்ணாடி உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டு வார்ப்பது. இந்த வேலைக்கு வேண்டிய மட்டம் அதில் இருக்கிறது. மேசைப் பலகை, டைல்ஸ், பிளைவுட் எதுவும் இதற்கு ஈடாகாது. வீட்டில் முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டையை உரசும் வட்டக் கல் இருக்கிறதே என்று அதை எடுத்து வந்த தம்பிகளும் உண்டு. அம்மாவும் பாட்டியும் வருஷக்கணக்காக உரசிய கல் நடுவில் குழிந்திருக்கும். அதன் மேல் தேய்த்தால் அந்தக் குழிக்கு ஏற்ற மேடு பிராசசருக்கு வந்துவிடும்.

## 4. முன்னளவு எடுங்கள்

இதை விட்டுவிட்டுத் தேய்ப்பவர்களே அதிகம். பிறகு 'குறைஞ்ச மாதிரிதான் இருக்குண்ணே' என்பார்கள். மாதிரி என்பது அளவல்ல.

அறைச் சூட்டை ஒரு தெர்மாமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பிராசசரை முழுவேகத்தில் வேலை வாங்கும் சினிபெஞ்ச் மென்பொருளைப் பல கோர் சோதனையில் தொடர்ந்து 10 நிமிடம் ஓடவிட்டு, சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் பிராசசரின் சராசரிச் சூடு, வேகம், வாட் மூன்றையும் எழுதுங்கள். ஃபேன் வேகத்தை ஒரே அளவில் நிறுத்தி வையுங்கள். தானாக ஏறி இறங்கும் ஃபேன் கணக்கைக் கெடுத்துவிடும்.

கணக்கில் கொள்ள வேண்டியது அறைச் சூட்டுக்கு மேல் எவ்வளவு ஏறியது என்பதை. கரண்ட் இல்லாத மதியம் அறை 35 டிகிரி, பிராசசர் 88 என்றால் ஏற்றம் 53. தேய்த்த பிறகு இரவில் ஏசி ஓடும்போது அறை 28, பிராசசர் 80 என்றால் ஏற்றம் 52. எட்டு டிகிரி குறைந்தது போலத் தெரியும். உண்மையில் குறைந்தது ஒன்று.

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். அவற்றில் பல 95 டிகிரி வரை தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். குளிர்ச்சி கூடினால் சூடு குறையாது, வேகம்தான் கூடும். எனவே சோதனைக்கு முன் பயாஸில் வாட் வரம்பை ஒரே எண்ணில் கட்டிவிட்டு, முன்பும் பின்பும் அதே எண்ணில் அளந்து பாருங்கள்.

## 5. கழற்றுதல், காப்பு கட்டுதல்

மெஷினை ஐந்து நிமிடம் வேலை வாங்கி, பேஸ்ட் இளகிய பிறகு அணைத்துக் கழற்றுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் பிராசசரின் மேல் அழுத்தும் பூட்டுச் சட்டம் இல்லை. குளிர்ந்த கூலரைச் செங்குத்தாக இழுத்தால் பிராசசரும் ஒட்டிக்கொண்டே வெளியே வரும். 1331 பின்களில் சில வளைந்திருக்கும். கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி, பிடி விட்டது தெரிந்த பிறகே தூக்குங்கள்.

மூடியின் எழுத்துகளைத் தெளிவாகப் படம்பிடியுங்கள், மாடல், வரிசை எண் எல்லாம். சாக்கெட்டில் எந்த மூலையில் முக்கோணக் குறி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

கேஸின் உலோகத்தைத் தொட்டுவிட்டுப் பிராசசரைக் கையில் எடுங்கள். அடியில் பின் உள்ள ஏஎம்4 வகையாக இருந்தால் பின்களைக் கறுப்பு ஸ்பாஞ்சில் மெதுவாக இறக்குங்கள். ஸ்பாஞ்ச் ஒரு மெத்தை மட்டுமே. தேய்க்கும்போது பிடிப்பது மூடி ஒட்டியிருக்கும் பச்சைப் பலகையின் விளிம்பை. ஸ்பாஞ்சைப் பிடித்துத் தேய்த்தால் அது நெளியும், பிராசசர் ஆடும், ஓரம் உருண்டுவிடும். பின் இல்லாத வகையில் அடிப்பக்கம் முழுவதையும் வெப்ப டேப்பால் மூடுங்கள். சாதா செலோடேப் பசையை விட்டுச் செல்லும்; அதைச் சுரண்டுவது தேய்ப்பதை விடப் பெரிய வேலை.

ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 பிராசசரின் மூடி ஓரங்களில் வெட்டு இருக்கும், அந்த இடத்தில் குட்டிக் கெப்பாசிட்டர்கள் வெளியே தெரியும். அவற்றின் மேலும் டேப் போடுங்கள். மற்ற வகைகளிலும் மூடியை ஒட்டிய பசையில் காற்றுப்போக ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். தண்ணீர் உள்ளே போகும் வழி அது. பிராசசரைத் தண்ணீரில் முக்கக்கூடாது என்பது இதனால்தான்.

## 6. மட்டம் பார்த்தல், கோடு போடுதல்

பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஜன்னலோரம் போங்கள். பகல் வெளிச்சமே போதும், அது கட் ஆகாது. பிளேடின் விளிம்பை மூடியின் மேல் நீளவாட்டில், அகலவாட்டில், இரு மூலைவாட்டில் நிறுத்திப் பாருங்கள். நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால் குழி. இரு முனையில் தெரிந்தால் மேடு. இதே சோதனையைக் கூலரின் அடிக்கும் செய்து, இரண்டையும் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

பிறகு மார்க்கரால் மூடி முழுவதும் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். மை அழிந்த இடம் தாளைத் தொட்ட இடம். அழியாத இடம் இன்னும் தாழ்வு. இந்தக் கோடுகள் இல்லாமல் தேய்ப்பவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியவே தெரியாது.

## 7. தேய்த்தல்

மதர்போர்டு இருக்கும் அறையில் இதைச் செய்யாதீர்கள். செம்புத் தூள் மின்சாரம் கடத்தும்.

கண்ணாடியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து உப்புத்தாளின் முதுகை அதில் ஒட்டவிடுங்கள். காற்றுக் குமிழி இல்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்து, நான்கு ஓரமும் இழுத்து டேப் போடுங்கள். தாள் அலையாக எழும்பினால் பிராசசரின் முன்விளிம்பு ஒவ்வோர் இழுப்பிலும் அதில் இடித்து உருண்டுபோகும். இரட்டைப்பக்க டேப் வேண்டாம். டேப் உள்ள இடமும் இல்லாத இடமும் வேறு வேறு உயரம். தாளின் மேல் சில துளி தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. குளம் கட்டக்கூடாது.

மூடி நன்றாக வளைந்திருந்தால் 400, கொஞ்சம்தான் என்றால் 600-இல் தொடங்குங்கள்.

பிடிப்பதுதான் வித்தை. பச்சைப் பலகையை எதிரெதிர் விளிம்பில், முடிந்த அளவு தாளுக்கு அருகே, இரு விரலால் பிடியுங்கள். மேலிருந்து அழுத்த வேண்டாம். விரலின் பாரமே போதும். அழுத்தினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். உண்மையில் அழுத்தும் விரல் ஒரு பக்கம் கூடுதலாகவே அழுத்தும், அந்தப் பக்கம் சரிந்துவிடும்.

உங்களை நோக்கி நேராக இழுங்கள், தூக்குங்கள், முன்னால் வைத்து மறுபடி இழுங்கள். முன்னும் பின்னும் அரக்கினால் திசை மாறும் ஒவ்வொரு முறையும் பிராசசர் தலையாட்டும். எட்டு வடிவில் சுற்றச் சொல்பவர்களும் உண்டு. கை பழகியவர்களுக்கு அது சரிவரும், புதியவர்களுக்கு ஆட்டம்தான் மிஞ்சும். பத்து இழுப்புக்கு ஒருமுறை பிராசசரைக் கால் வட்டம் திருப்புங்கள். எல்லாருடைய கையிலும் ஒரு சாய்வு இருக்கும். திருப்பினால் அது நான்கு பக்கமும் பங்காகிவிடும்.

ஒரு சுற்று திருப்பி முடித்ததும் துடைத்துப் பாருங்கள். குழிந்த மூடியில் முதலில் நான்கு மூலையிலும் நிக்கல் போய்ச் செம்பு எட்டிப்பார்க்கும், நடுவில் வெள்ளித் தீவு ஒன்று மார்க்கர் கோட்டோடு அப்படியே நிற்கும். தேய்க்கத் தேய்க்கத் தீவு சுருங்கும். தாளில் முதலில் சாம்பல் நிறச் சேறு படியும்; செம்பு திறந்த பிறகு அது செம்பழுப்பாக மாறும். அந்த நிறம் வந்துவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். நிக்கல் கடினம், செம்பு மென்மை. நிக்கலில் பத்து இழுப்பில் போனதை விடச் செம்பில் அதிகம் போகும். ஒரு மூலை மட்டும் சிவந்து எதிர்மூலை வெள்ளையாகவே நின்றால் கை சாய்கிறது. பிடியை மாற்றி, வெள்ளை மூலை உங்கள் பக்கம் வரும்படி திருப்பித் தொடருங்கள்; அந்த மூலையை மட்டும் அழுத்தித் தேய்க்க நினைக்காதீர்கள்.

தாள் அடைத்துக்கொண்டால் மாற்றுங்கள். அடைத்த தாள் வெட்டாது, சறுக்கும். சறுக்குவதைச் சரிக்கட்டக் கை தானாக அழுத்தத் தொடங்கும்.

வெள்ளித் தீவு மறைந்து, புதிதாகப் போட்ட மார்க்கர் கோடு நான்கைந்து இழுப்பில் எல்லா இடமும் ஒன்றாக அழிந்தால் மட்டம் வந்துவிட்டது. அதற்கு முன் அடுத்த நம்பருக்குப் போகாதீர்கள். மட்டம் கொண்டுவருவது முதல் தாள்தான். மற்றவை கீறலைக் குறைக்க மட்டுமே.

நம்பர் மாற்றும்போது கண்ணாடி, கை, மூடியின் முகம் மூன்றையும் துடையுங்கள். 400-இன் ஒரு மணல் 800 தாளில் ஏறினால் ஆழமான கீறல் விழும். புதுத் தாளில் முந்தைய கீறலுக்குக் குறுக்காக இழுங்கள். பழைய கீறல் முழுதும் மறைந்ததும் அந்தத் தாளின் வேலை முடிந்தது.

## 8. எங்கே நிறுத்துவது

800-இல் நிறுத்தலாம். மனம் கேட்கவில்லை என்றால் 1000. அதற்கு மேல் போனால் சூட்டில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வருவதில்லை, ஆனால் ஒவ்வொரு தாளும் ஓரத்தைக் கொஞ்சம் உருட்டுகிறது. 'அண்ணே, முகம் பார்க்கலாம்ணே' என்று ஒரு தம்பி பெருமையாகக் காட்டிய பிராசசரில் முகம் தெரிந்தது உண்மை. பிளேடை நிறுத்தியபோது இரு முனையிலும் ஒளி ஒழுகியது. 600-இல் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று.

பித்தளை விளக்கு துலக்கும் பாலிஷ் எதையும் போடாதீர்கள். கீறலுக்குள் அதன் எண்ணெயும் மாவும் தங்கி, பேஸ்ட்டை உலோகத்திலிருந்து பிரித்து வைக்கும்.

நிக்கல் போன உடனேயே தேய்ப்பை நிறுத்துவதற்கு இன்னொரு காரணம் உயரம். கூலர்களின் ஸ்டாண்டுகள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஏற்ப அழுத்தும்படி செய்யப்பட்டவை. மூடியைத் தேவையில்லாமல் மெலியவிட்டால் அழுத்தம் குறையும். சம்பாதித்ததை அங்கே இழப்பீர்கள்.

## 9. கூலரின் அடியையும் பாருங்கள்

ஒரு முகம் மட்டமாகி மறுமுகம் மேடாக இருந்தால் பயனில்லை. சில கம்பெனிகள் சாக்கெட்டில் பிராசசர் குழிவதை எதிர்பார்த்துக் கூலரின் அடியை வேண்டுமென்றே சற்று மேடாகச் செய்கின்றன. நாக்டுவா 2024-இல் என்எச்-டி15 ஜி2 கூலரை மேடு அளவு மாற்றி மூன்று வகையாக விற்பதே இதற்காகத்தான். தேய்த்த பிராசசருக்கு மேடு குறைந்த அடி தேவை.

அடி முழுவதும் ஒரே செம்புக் கட்டியாக இருந்தால் அதையும் இதே கண்ணாடி, இதே தாளில் தேய்க்கலாம். கனமான கூலர் என்பதால் ஃபேனைக் கழற்றிவிட்டு, இரு கையாலும் அடியை ஒட்டிப் பிடியுங்கள். வெப்பக்குழாய்கள் நேராகப் பிராசசரைத் தொடும் வகை, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 போல, இருந்தால் தொடாதீர்கள். அந்தக் குழாயின் சுவர் மெல்லியது. ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் திரவம் போய்விடும். அதோடு கூலர் வெறும் உலோகக் கட்டி.

## 10. துடைத்து உலர்த்துதல்

முகத்தை ஆல்கஹால் நனைத்த துணியால், துணியில் கறை ஏறுவது நிற்கும் வரை துடையுங்கள். துணியைத்தான் நனைக்க வேண்டும், பிராசசர் மேல் ஊற்றக்கூடாது. விளிம்புகளைப் பழைய மென்மையான பிரஷால் தட்டுங்கள். அடி டேப்பைக் கடைசியாக எடுத்து, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பின்களையும் தங்கப் புள்ளிகளையும் வரிசை வரிசையாகப் பாருங்கள். செம்புத் துணுக்கு ஒன்று இரண்டு பின்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு இரவு முழுக்க ஃபேன் காற்றில் வையுங்கள். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலத்தில் இரண்டு இரவு. துவைத்த துணியே காயாத ஈரத்தில் மூடிக்கு அடியில் போன துளி எப்படிக் காயும்? ஹேர் டிரையரைக் கிட்டே பிடிக்க வேண்டாம்.

செம்பைத் திறந்து வைத்தால் களிம்பு ஏறும், மழைக்காலத்தில் சீக்கிரமே. ஆகவே மாட்டுவதற்கு முன் இன்னொரு முறை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, விரல் படாமல் உடனே பேஸ்ட் போடுங்கள். பேஸ்ட்டுக்கு அடியில் இருக்கும் செம்பு லேசாகக் கறுத்தால் பயப்பட வேண்டாம், அதனால் சூடு ஏறாது.

பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் போடும் எண்ணம் இருந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். நிக்கல் அதற்குக் கவசம். வெறும் செம்பு அதில் உள்ள காலியத்தை நாளடைவில் உறிஞ்சும், இடைப்படலம் காய்ந்து போகும்.

## 11. மாட்டி மறு அளவு எடுத்தல்

முக்கோணத்தைப் பார்த்து வையுங்கள். எழுத்து அழிந்த பிராசசரைத் திருப்பி வைக்கப் பார்ப்பது சகஜம். பச்சைப் பலகையின் மூலையில் உள்ள குறி அழிந்திருக்காது. பேஸ்ட் முன்பை விடக் கொஞ்சம் குறைவாகப் போதும், சதுரத்துக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு, நீண்ட எல்ஜிஏ1700-க்கு ஒரு கோடு. திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்றாக மாற்றி மாற்றி முறுக்குங்கள்.

4-ஆம் படியில் எழுதிய அதே ஃபேன் வேகம், அதே வாட், அதே 10 நிமிடம். ஏற்றத்தை மட்டும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 2 டிகிரிக்குக் கீழே வந்தால் மறுபடி தேய்க்கக் கிளம்பாதீர்கள். கூலரை எடுத்துத் தடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் தடித்திருந்தால் திருகு. எங்கும் சீராகத் தடித்திருந்தால் அழுத்தம் போதவில்லை, ஸ்டாண்டின் ஸ்பிரிங்கையும் திருகின் நீளத்தையும் பாருங்கள். எங்கும் சீராக மெலிந்திருந்தால் மூடியில் இனி எடுக்க ஒன்றுமில்லை. மிச்சச் சூடு பிராசசருக்கு உள்ளே அல்லது கேஸின் காற்றோட்டத்தில் இருக்கிறது. கேஸின் பக்கப் பலகையைத் திறந்துவிட்டு அதே சோதனையை ஓட்டினால் இரண்டில் எது என்று பத்து நிமிடத்தில் தெரியும்.